கேட் பெயின்ட் அடிச்ச கப்பல்

"அது நான் பல் தேய்க்கிற பிரஷ்."

"கழுவி வச்சிடறேன்னு சொன்னேன்ல."

"பிரேக் ஆயில்ல ஊறினதைக் கழுவி நான் வாயில வைக்கணுமா?"

பாத்ரூம் வாசல்ல நின்னு கேட்டது பொண்டாட்டி. உள்ள உக்காந்திருந்தவர் அவ புருஷன், சின்ன மாப்ள. குனிஞ்ச தலை நிமிராம தேய்ச்சிட்டே இருந்தார். முன்னால துணி ஊறவைக்கிற தொட்டி. அதுக்குள்ள மாமனாரோட கப்பல்.

நிஜக் கப்பல் இல்ல. டப்பால துண்டு துண்டா வர்றதை ஒட்டிச் செய்ற பிளாஸ்டிக் போர்க்கப்பல், ஒரு முழ நீளம். மாமனார் கல்யாணத்துக்கு முன்னாடி செஞ்சது. அதோட விட்டிருந்தா பரவால்ல. வீட்டு கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போதெல்லாம், மிச்சத்தை வீணாக்குவானேன்னு கப்பலுக்கும் ஒரு கோட் குடுத்துடுவார். பச்சை, காப்பிக்கலர், சில்வர், மறுபடி பச்சை. பீரங்கியெல்லாம் வீங்கின விரல் மாதிரி ஆயிடுச்சு. ஜன்னல் எங்க இருந்துச்சுன்னே தெரியல.

இப்ப அவருக்கு அதைப் பழைய ரூபத்துல ஹால் நடுவுல வச்சுப் பாக்கணும்னு ஆசை. கொண்டுவந்து சின்ன மாப்ள கையில குடுத்துட்டார். அதுதான் விஷயமே. மாமனார் வீட்டுல சின்ன மாப்ளயை நம்பி ஒரு பல்பு மாத்தக்கூட விட்டதில்ல. மிக்ஸிலேர்ந்து கதவுத் தாழ்ப்பாள் வரைக்கும் எல்லாம் பெரிய மாப்ளதான். அவர் கை பட்டா எதுவும் ஓட ஆரம்பிச்சிடும். அவரை விட்டுட்டுத் தன்னைத் தேடி வந்திருக்காங்கன்னதும் இவருக்கு நெஞ்சு நிமிந்துடுச்சு. ஞாயித்துக்கிழமை முடிச்சுத் தரேன் மாமான்னு வாக்கும் குடுத்துட்டார்.

பிரேக் ஆயில்ல ஊறப்போட்டா பெயின்ட் மட்டும் கழண்டு வரும், பிளாஸ்டிக்குக்கு ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு வீடியோல பாத்திருந்தார். வீடியோல இருந்தது ஒரே ஒரு கோட். இங்க இருந்தது அந்த கேட்டோட முழு வரலாறு. மேல் பச்சை மட்டும் இளகி, கோந்து மாதிரி உக்காந்துக்கிச்சு.

அடுத்து, புண்ணு கழுவுற ஆன்டிசெப்டிக்கை பாட்டில் பாட்டிலா ஊத்தினார். பெயின்ட் ஜோரா உரிஞ்சுது. அந்தச் சந்தோஷத்துல குழாயைத் திறந்துவிட்டார். தண்ணி பட்டதும் உரிஞ்சதெல்லாம் பிசினாத் திரண்டு திரும்பக் கப்பல் மேலயே அப்பிக்கிச்சு. தொட்டியில, கையில, கதவுக் கைப்பிடியிலயும்கூட. வீடு ஆஸ்பத்திரி வார்டு மாதிரி மணந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, யாருக்கு உடம்பு முடியலன்னு விசாரிச்சுட்டுப் போனார்.

"விட்ருங்க. அத்தான்கிட்ட குடுத்துடலாம். ஒரு மணி நேரத்துல முடிச்சுடுவார்" அப்படின்னா பொண்டாட்டி.

அந்த ஒரு வார்த்தை போதாதா? நேரா கடைக்குப் போய் தின்னர் வாங்கிட்டு வந்தார்.

தின்னர் பாரபட்சம் பாக்கல. பெயின்ட்டையும் கரைச்சுது, பிளாஸ்டிக்கையும் கரைச்சுது. கொடிமரம் வெயில்ல வச்ச மெழுகுவத்தி மாதிரி தலை சாஞ்சுது. கப்பலோட அடிப்பாகம் குழைஞ்சு தொட்டி வடிவத்துக்கு வந்துடுச்சு. பதறிப்போய்த் தொட்டியைக் கவுத்ததுல பீரங்கியெல்லாம் தண்ணி போற குழிக்குள்ள இறங்கிடுச்சு. பாத்ரூம் அடைச்சுக்கிச்சு. பிளம்பர் வந்து கம்பியை விட்டு ஒவ்வொண்ணா எடுத்து, தரையில வரிசையா வச்சுப் பாத்தார்.

"சார், வீட்ல பெரியவங்க யாருக்காவது பல் செட் காணோமா?"

இனி வேற வழியில்ல. புதுக் கப்பல் ஒண்ணு வாங்கி ஒட்டி, இதுதான் அதுன்னு குடுத்துடறதுன்னு முடிவாச்சு. கடையில அதே கப்பல் இருந்துச்சு. ஆனா டபுள் சைஸ்தான் இருந்துச்சு. ஆபீசுக்கு லீவு போட்டார். சாப்பாட்டு மேஜை பூரா துண்டுங்க. மூணு விரல் பசையில ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்க, அந்தக் கையாலேயே சாப்பிட்டார். நடுவுல மாமனார் போன் பண்ணும்போதெல்லாம், இன்னும் ஊறுது மாமான்னு சொல்லிச் சமாளிச்சார்.

ஒருவழியா முடிச்சு, போர்வையில சுத்தி மாமனார் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. ஹால் ஜன்னலெல்லாம் திறந்திருந்துச்சு. ஃபேன் சுத்துச்சு. மாமியார் அதுக்கடியில காலை நீட்டி உக்காந்திருந்தாங்க. சின்ன மாப்ள போர்வையைப் பிரிச்சார். மாமனார் கப்பலைச் சுத்திச் சுத்தி வந்தார்.

"பெருசா இருக்கே மாப்ள?"

சின்ன மாப்ள போர்வையை மடிச்சுக்கிட்டே சொன்னார். "அத்தனை கோட் பெயின்ட் அமுக்கி வச்சிருந்துச்சு மாமா. உரிச்சதும் விரிஞ்சிடுச்சு."

மாமனார் கப்பலை விரலால சுண்டிப் பாத்தார்.

"இருக்கும். அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் அப்படி." அப்புறம் இவர் தோள்ல கை போட்டுக்கிட்டார். பெரிய மாப்ளயால இந்த ஜென்மத்துல இப்படிப் பண்ண முடியாதுன்னு வாய்விட்டுச் சொன்னார். இத்தனை வருஷமா சின்ன மாப்ள காத்துக்கிட்டிருந்த வார்த்தை. கண்ணே கலங்கிடுச்சு.

கப்பலை ஹால் நடுவுல வச்ச கையோட, தூசி படியும்னு சொல்லி மாமனார் ஜன்னலையெல்லாம் ஒவ்வொண்ணா சாத்தினார். ஃபேனையும் நிறுத்தினார்.

மாமியார் முந்தானையால விசிறிக்கிட்டே சமையக்கட்டுக்குப் போனாங்க. தண்ணி குடிக்கப் பின்னாலயே போன சின்ன மாப்ளகிட்ட டம்ளரைக் குடுத்துட்டு, மெதுவாச் சொன்னாங்க:

"பெரிய மாப்ளகிட்ட போனா சரி பண்ணிடுவாரேன்னு பயந்து, உங்ககிட்ட குடுக்கச் சொன்னதே நான்தான் மாப்ள. உங்களைத்தானே மலை மாதிரி நம்பியிருந்தேன்."

சின்ன மாப்ள அந்த டம்ளரோட அப்படியே நிக்கிறார். மாமியாருக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரிஞ்சவங்க கீழ எழுதுங்க. அவருக்கு உதவியா இருக்கும்.