பிளான்ல இருக்கிற பின்வாசல்

ஊர்க்காவலன் அசோசியேட்ஸ் வரலாறு இது. சிவகாசிப் பக்கம் கட்டடம் கட்டுறவுக அவசியம் தெரிஞ்சு வச்சுக்கணும்.

ஊர்க்காவலன் மொதல்ல வரைஞ்சது கட்டடம் இல்ல, காலண்டருக்கு முருகன். அந்த மயிலு அம்புட்டு அழகு. எங்க மதினி வீட்டுல இன்னும் தொங்குது. தூக்கிப் போடுங்கன்னு மருமக ஒரே சண்டை, அது தனிக்கதை. கைதான் நல்லா வருதேன்னு பட்டாசு செட்டுக்கு, அதான் பட்டாசு செய்யிற கொட்டகைக்கு, பிளான் போட ஆரம்பிச்சாரு. ரெண்டு பக்கமும் வாசல், வெளிய பாத்துத் தொறக்குற கதவு, ஓரத்துல வேப்பமரம், மரத்துல கிளி. அந்தக் கிளியப் பாத்த அதிகாரிக எவரும் நேருல போயிப் பாக்கணும்னு நெனச்சதே இல்ல. முதலாளிக பின்வாசல மட்டும் விட்டுட்டுக் கட்டிருவாக.

தாயில்பட்டிப் பக்கம் அப்படி ஒரு செட்டுலதான் பாண்டிச்செல்விக்கு வெடிமருந்து அடைக்கிற வேல. பக்கத்து செட்டுல பொறி பட்டு ஒருத்திக்குக் கை வெந்ததுல இருந்து இவளுக்குத் தூக்கமில்ல. நேரா அதிகாரி சாம்சுந்தர்கிட்ட போயிட்டா.

"சார், எங்க செட்டுக்குப் பின்வாசல் வேணும்."

அவரு பிளானை விரிச்சாரு. "இருக்கேம்மா."

"செவருதான் சார் இருக்கு."

"மேற்படி கதவு ஏற்கெனவே அங்கீகரிக்கப்பட்டாச்சு. இருக்கிற கதவுக்கு மறுபடி கதவு வைக்க விதியில எடமில்ல."

"ஒரு எட்டு வந்து பாருங்க சார்."

"வந்து பாத்து இல்லைன்னா, இருக்குன்னு நான் போட்ட கையெழுத்து என்னாகும்?"

நியாயந்தான. ஊர்க்காவலன்தான் வழி சொன்னாரு. செவத்துலயே கதவ வரைஞ்சு குடுத்தாரு, மேல கிளியோட. 'மேற்படி கதவை மறித்து எவரும் அமரக் கூடாது'ன்னு உத்தரவும் வந்துச்சு.

அந்த வருசமே அசோசியேட்ஸுக்குப் புது ஆபீஸ் தொறப்பு விழா. கம்பெனி பாணி மாறலாமா? முன்னாடி ஒரு வாசல், பின்னாடி வரைஞ்ச கதவு. சாம்சுந்தர்தான் தலைமை. பாண்டிச்செல்வியும் மனுவோட வந்து வாசலை ஒட்டி நின்னா, செட்டுப் பழக்கம். நம்ம ஊரு வழக்கப்படி நெலவாசல்ல சரவெடியக் கொளுத்துனாக. பொகை பூரா உள்ள. பாண்டிச்செல்வி ஒரே தாவு, வெளிய.

"பின்வாசலுக்கு வாங்க!"ன்னு சாம்சுந்தர் முன்னால ஓடுனாரு.

"சார், அது தொறக்காது சார்!" வெளிய நின்னு அவ கத்துறா.

"பிளான்ல தொறக்கும்மா!"

மூக்குலதான் பலமான அடி.

விசாரணை நடந்துச்சு. 'மேற்படி கதவில் கைப்பிடி இல்லாததே விபத்துக்குக் காரணம்'னு முடிவு. இப்ப எல்லா செட்டுலயும் கதவ வரைஞ்சு பித்தளைக் கைப்பிடி மாட்டியாச்சு. அதப் பாத்து வீடு கட்டுறவுகளும் வரைஞ்ச கதவுதான் வேணும்னு நிக்குறாக. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு, அம்சமா இருக்கு, காலண்டர் மாட்டியிருக்கோம்.

பாண்டிச்செல்வி அவ செட்டுக் கைப்பிடியில தூக்குவாளியத் தொங்க விடுறா. முன்வாசப் பக்கத்து எடத்துக்குத்தான் தெனம் காலையில பொம்பளைகளுக்குள்ள அடிதடி.