டார்ச்சின் அபிப்பிராயம்

"அந்தாளு ஒரு தடவையாவது தொண்டையச் செருமாம வாயத் திறக்குறாரா பாருங்கக்கா. மொதல்ல ஒரு 'ம்ஹும்'. அப்புறம்தான் வசனம். எதக் கேட்டாலும் 'பாக்கலாம்'. பொண்ணு மேல படிக்கணும்கறா, 'பாக்கலாம்'. வீட்ல குழாய் ஒழுகுது, 'பாக்கலாம்'. பேனாவக் காதுல சொருகிக்கிட்டு அதே பேனாவ வீடு பூராத் தேடுறாரு. இப்படி ஒரு மனுஷன் உலகத்துல இருப்பானா? யாரு நம்புவா?"

இவ்வளவையும் டார்ச்சு மூச்சுவிடாமல் சொல்லி முடித்தபோது பாப்கார்ன் அக்கா சிரிக்கவில்லை. மெஷினை அணைத்துவிட்டு, டார்ச்சின் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

பின்னால் ஒரு செருமல் கேட்டது.

"ம்ஹும். யாரப் பத்தி பேச்சு?"

டார்ச்சு திரும்பினாள். தியேட்டர் மானேஜர் நின்றிருந்தார். அவருடைய வலது காதில் ஒரு பேனா இருந்தது.

"படம் சார்."

"படமா?"

"ஆமா சார். மூணாவது ஸ்கிரீன்ல ஓடுதே, குடும்பப் படம். அதுல வர்ற ஆளு."

மானேஜர் மெஷின் மேல் கண்ணை ஓட்டினார். பிறகு பாப்கார்ன் அக்காவிடம், "நான் இங்க ஒரு பேனா வச்சேனா?" என்று கேட்டார். அக்கா தலையை மட்டும் இடம் வலமாக ஆட்டினாள். அவர் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே மாடிப்படி ஏறிப் போனார்.

"அக்கா," என்றாள் டார்ச்சு, குரல் இறங்கிப்போய்.

"நான் ஆரம்பத்துலேருந்தே நீ சாரத்தான் சொல்றேன்னு நினைச்சேன்," என்றாள் அக்கா. "வேலைக்கு வந்து ஒரு வாரத்துல எவ்வளவு நல்லா கவனிச்சிருக்கான்னு ஆச்சரியமாக்கூட இருந்துச்சு."

டார்ச்சு உண்மையில் எதையும் கவனித்திருக்கவில்லை. இருட்டில் டார்ச் அடித்து ஆட்களை அவரவர் சீட்டில் உட்கார வைப்பது அவள் வேலை. பெயர் அதனால் வந்தது. மானேஜரை அவள் பார்த்ததே வேலை கேட்டு வந்த அன்றைக்குத்தான். "வேலை கிடைக்குமா சார்?" என்று கேட்டதற்கு "பாக்கலாம்" என்றார். வேலை கேட்டால் எல்லாரும் சொல்வதுதானே என்று அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் வந்து வாசலில் நின்றாள். யாரும் போ என்று சொல்லவில்லை, யாரோ கையில் டார்ச்சைக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவளுக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்பது அவளுக்கே சரியாகத் தெரியாது.

ஆனால் அபிப்பிராயத்துக்குப் பஞ்சமில்லை. ஓடுகிற எல்லாப் படத்தையும் சுவரோரம் நின்றபடி பார்த்துவிடுவாள். முதல் ஸ்கிரீனில் ஓடும் சண்டைப் படத்தைப் பற்றி, "குண்டு ஹீரோ மேல படாது, பக்கத்துல நிக்கறவன் மேலதான் படும். நான் சிப்பாயா இருந்தா அவரு பக்கத்துலயே போக மாட்டேன்" என்பாள். இரண்டாவதில் ஓடும் காதல் படத்துக்கு, "யாராவது ஒருத்தர் ஒரு போன் பண்ணியிருந்தா இடைவேளைக்கு முன்னாடியே எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்கலாம்" என்பாள். அதற்கெல்லாம் இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

"நேரா மேல போய்ச் சொல்லிடு," என்றாள் அக்கா. "மனசுல வச்சுக்கிட்டா சங்கடம்."

டார்ச்சு மாடி ஏறினாள். மானேஜர் மேசையின் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"சார், நான் கீழ பேசினது உங்களப் பத்தி இல்ல சார்."

"ம்ஹும். என்ன பேசின? எனக்குக் கடைசிதான் கேட்டுச்சு."

டார்ச்சு தானே போய் மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் முக்கியமானது எதையும் கேட்டிருக்கவில்லை. இப்போது ஆரம்பித்ததை முடித்தாக வேண்டும்.

"படத்துல ஒருத்தர் வர்றாரு சார். கொஞ்சம் தொண்டையச் செருமுவாரு."

"ம்ஹும். சரி."

"எதையாவது தேடிட்டே இருப்பாரு."

"என்னத்த?"

"பேனாவ சார்."

மானேஜர் இழுப்பறையை மூடினார். "என்ன வேலை பாக்குறாரு?"

"மானேஜர் சார்." உடனே அவசரமாக, "லாட்ஜுல சார், தியேட்டர்ல இல்ல," என்று சேர்த்துக்கொண்டாள்.

"கடைசில என்ன ஆகுறாரு?"

இந்த இடத்தில் "நல்லா இருப்பாரு சார்" என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் ஒரு படத்தின் முடிவைப் பற்றிக் கேட்டால் டார்ச்சால் பொய் சொல்ல முடியாது.

"அவரு சம்சாரம் பெட்டியத் தூக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிடுவாங்க சார். அவருக்கு அது தெரியவே தெரியாது. அடுப்பங்கரையில விளக்கு எரியலயேன்னு ரொம்ப நாள் கழிச்சு யோசிப்பாரு. பல்பு போயிடுச்சுன்னு நினைச்சு புது பல்பு வாங்கிட்டு வருவாரு."

மானேஜர் இன்னொரு இழுப்பறையைத் திறந்தார்.

"அதத்தான் சார் நான் நம்ப முடியலன்னு சொன்னேன். கூட இருக்கற பொம்பள போனது ஒரு மனுஷனுக்குத் தெரியாமலா போகும்?"

"நீ கீழ போ," என்றார் மானேஜர்.

"சார், என் வேலை..."

"பாக்கலாம்."

கதவுவரை போனவள், மனசு கேட்காமல் திரும்பி, "பேனா காதுல இருக்கு சார்," என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

அன்று சாயங்காலம் முழுக்க அவள் ஆட்களைத் தப்புத் தப்பான சீட்டில் உட்கார வைத்தாள். விஷயம் பரவுவதற்கு முன்பு தானே எல்லாருக்கும் தெளிவுபடுத்திவிட்டால் நல்லது என்று அவளுக்குத் தோன்றியது. தியேட்டரில் வேலை செய்கிற எல்லாரும் இருக்கும் போன் குரூப்பில், ஸ்டோர் ரூமுக்குள் நின்றுகொண்டு கவனமாக எழுதி அனுப்பினாள்:

"வணக்கம். நான் பாப்கார்ன் அக்காவிடம் சொன்ன தொண்டை செருமும் ஆள், காதில் பேனாவை வைத்துக்கொண்டு தேடும் ஆள், மனைவி போனதுகூடத் தெரியாத ஆள், நமது மானேஜர் சார் இல்லை. யாரும் தவறாக நினைக்க வேண்டாம்."

அதுவரை யாரும் தவறாக நினைத்திருக்கவில்லை. விஷயம் தெரிந்தவர்களே மூன்று பேர்தான். கார் நிறுத்தும் இடத்தில் இருக்கும் வாட்ச்மேன், டிக்கெட் கொடுப்பவர், தரை துடைக்கும் இரண்டு பெண்கள், புரொஜெக்டர் ஓட்டும் ஆபரேட்டர் அண்ணன் எல்லாரும் ஒன்றாகக் கேட்ட கேள்வி, "எந்தப் படம்?"

மறுநாள் மூன்றாவது ஸ்கிரீனில் பகல் காட்சிக்கு வழக்கத்தைவிடக் கூட்டம். பாதிப் பேர் சீருடையில் இருந்தார்கள். வெளியே வரும்போது ஆளுக்கு ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வாட்ச்மேன் மாமா ஒரு வண்டிக்காரரிடம், "ம்ஹும். இடம் இருக்கான்னு பாக்கலாம்," என்றார். ஆபரேட்டர் அண்ணன் காதில் ஸ்குரூ டிரைவரைச் செருகிக்கொண்டு ஸ்குரூ டிரைவர் எங்கே என்று கேட்டுக்கொண்டு அலைந்தார்.

குரூப்பில் மானேஜரும் இருந்தார் என்பது டார்ச்சுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவரிடமிருந்து ஒரே ஒரு பதில் வந்திருந்தது: "மேலே வரவும்."

அவர் நின்றுகொண்டிருந்தார். கோபத்தில் இருப்பவர் மாதிரி இல்லை, ராத்திரி தூங்காதவர் மாதிரி இருந்தார்.

"உனக்கு என் மேல என்னம்மா? வேலை கேட்டு வந்த, வேணாம்னு சொன்னேனா?"

"வேணும்னும் சொல்லல சார்."

"ஊரெல்லாம் என்னப் பாத்துச் சிரிக்கிற மாதிரி பண்ணிட்ட. நான் என்ன அவ்வளவு கேலிக்கு உரிய ஆளா?"

டார்ச்சுக்குக் கண்ணில் நீர் முட்டியது. இவ்வளவு நேரம் அவள் தன் வேலையைப் பற்றியே கவலைப்பட்டிருந்தாள். இந்த மனுஷனுக்கு வலிக்கும் என்பது இப்போதுதான் உறைத்தது.

"சார், நீங்களே ஒரு தடவ படத்தப் பாத்துடுங்க. அது வேற ஆளுன்னு உங்களுக்கே புரியும்."

மானேஜர் யோசித்தார். தியேட்டரை இத்தனை வருஷமாக நடத்துகிறார், உள்ளே உட்கார்ந்து ஒரு படம் பார்த்து எவ்வளவு காலம் ஆனது என்று அவருக்கே நினைவில்லை. அவருக்குப் படம் என்றால் மின்சாரம், ஏசி, கழிப்பறை, பார்க்கிங்.

"பாக்கலாம்," என்றார். இந்தத் தடவை நிஜமாகவே பார்க்கலாம் என்ற அர்த்தத்தில் சொன்னார் என்பது அவர் கதவைப் பூட்டியபோதுதான் தெரிந்தது.

கடைசி வரிசையில் அவரை உட்கார வைத்துவிட்டு டார்ச்சு சுவரோரம் நின்றாள். படம் ஓட ஓட, தான் செய்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அவளுக்கு விளங்கியது. நேற்றுவரை அவள் மானேஜரைச் சரியாகப் பார்த்ததில்லை. இப்போது திரையில் ஒருவர், கடைசி வரிசையில் ஒருவர். இரண்டு பேரும் ஒரே மாதிரி மோவாயைச் சொறிந்தார்கள். பெட்டியைத் தூக்கும் காட்சி இடைவேளைக்குப் பிறகுதான் வரும். அதற்குள் இவரை வெளியே கொண்டுபோயாக வேண்டும்.

இடைவேளை முடிந்து விளக்கு அணைந்ததும் குனிந்து அவர் காதில் சொன்னாள்: "சார், கீழ பாத்ரூம்ல குழாய் ஒழுகுதாம்."

"ம்ஹும்," என்றார் மானேஜர். "பாக்கலாம்."

சரியாக அதே நொடியில் திரையில் இருந்தவரும் "ம்ஹும், பாக்கலாம்" என்றார். முன்வரிசையில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். டார்ச்சு டார்ச்சை அணைத்துவிட்டு இருட்டில் நின்றுகொண்டாள்.

பெட்டி போயிற்று. பல்பு வந்தது. அடுப்பங்கரையில் புது வெளிச்சத்தில் அந்த ஆள் தனியாக நின்றார். படம் முடிந்தது.

மானேஜர் எழுந்திருக்கவில்லை. அவருடைய தோள்கள் குலுங்கின. போச்சு, அழுகிறார் என்று டார்ச்சு பதறிப்போய்ப் பக்கத்தில் ஓடினாள்.

அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

"என்ன மனுஷன்மா அவன். பல்பு வாங்கிட்டு வர்றான். பாவம், அந்தப் பொம்பள எத்தன வருஷம் குப்ப கொட்டியிருப்பா."

டார்ச்சு கையிலிருந்த டார்ச்சை ஒரு தடவை போட்டு அணைத்தாள்.

"இவனையும் என்னையும் போயி ஒண்ணாச் சேத்துட்டாங்களே, மடப்பயலுக. நீ சொன்னதுதான் சரி. இப்படி ஒரு ஆளு எங்கயும் இருக்க மாட்டான்."

"ஆமா சார்," என்றாள் டார்ச்சு.

"உனக்கு நல்ல ரசனைம்மா. வேலையில இரு. இனி பால்கனியும் நீயே பாத்துக்கோ."

அவர் வாயிலிருந்து ஒரு முடிவு வந்து அன்றுதான் பார்த்ததாகப் பாப்கார்ன் அக்கா பிறகு சொன்னாள். மானேஜர் அந்த உற்சாகத்திலேயே போனை எடுத்து, மனைவியும் இந்தப் படத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்று வீட்டுக்குக் கூப்பிட்டார். டார்ச்சு பக்கத்திலேயே நின்றாள்.

"நாளைக்கு மத்தியானம் கிளம்பி வா, ஒரு படம் இருக்கு. என்னது? எங்க? உங்க அக்கா வீட்லயா? ஓ. சரி சரி. அங்கேருந்தே வந்துடு." போனை வைத்தார். "அக்கா வீட்டுக்குப் போயிருக்காளாம்."

"எப்ப சார் போனாங்க?"

"அதக் கேக்கல," என்றார் மானேஜர்.

மறுநாள் மத்தியானம் அந்த அம்மா வந்தார். மெலிந்த உருவம், அமைதியான முகம், கையில் ஒரு பயணப் பை. மானேஜர் அவரை டார்ச்சிடம் ஒப்படைத்தார். டார்ச்சு நல்ல சீட்டாகப் பார்த்து உட்கார வைத்தாள். படம் ஓடிய நேரம் முழுக்க அந்த அம்மா திரையை அதிகம் பார்க்கவில்லை, சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எங்கெங்கே சிரிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். டார்ச்சுக்கு அது விசித்திரமாகப் பட்டது. படம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வெளியே மானேஜர் காத்திருந்தார். அவர் காதில் பேனா. கையில் பாப்கார்ன்.

"எப்படி? பாத்தியா அவன? இந்தப் பொண்ணுதான் மொதல்ல கண்டுபிடிச்சுது. என்னம்மா, நீ சொன்னத அவகிட்டயும் சொல்லு."

டார்ச்சு தயங்கினாள். ஆனால் கேட்டது படத்தைப் பற்றி.

"மத்ததெல்லாம் பரவாயில்லம்மா. அந்த ஆளுதான் ரொம்ப ஓவர். கொஞ்சமாவது நம்புற மாதிரி எழுதியிருக்கலாம்."

"அதேதான்," என்றார் மானேஜர். "ம்ஹும். ஒரு நிமிஷம், என் பேனாவ உள்ள விட்டுட்டேன் போல." அவர் கதவைத் தள்ளிக்கொண்டு இருட்டுக்குள் போனார்.

அந்த அம்மா அவர் போன திசையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டார்ச்சின் பக்கம் திரும்பி, மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்:

"இந்தப் படத்துக் கதைய நான் எழுதறப்பவே, யாரும் நம்ப மாட்டாங்கன்னு பாதிக்குப் பாதி குறைச்சுத்தான்மா எழுதினேன்."