எபேருக்கு ஏழு நன்றி

பூமி சுழல்கிறது என்று கண்டுசொன்னவர்களுக்குப் பாடப்புத்தகத்தில் படமும் பக்கமும் ஒதுக்கியிருக்கிறார்கள். பூமியாவது ஒரு நாளைக்கு ஒரே தடவைதான் சுழல்கிறது. நிமிடத்துக்குப் பதினையாயிரம் தடவை சுழலும் ஒன்றைக் கையில் பிடித்து, மொந்தெவிதேயோ நகரத்தின் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றையே சீர்திருத்திய எபேர் இராசோகிக்கு இதுவரை ஒரு வரிகூட இல்லை. வரலாறு இப்படித்தான் தகுதியுள்ளவர்களைக் கைவிடுகிறது. அந்தக் களங்கத்தைத் துடைக்கவே இந்த எழுத்து.

எபேர் ஓர் அமைச்சகத்தின் தளவாட இருப்புப் பிரிவில் முப்பத்துமூன்று ஆண்டுகள் நாற்காலிகளை எண்ணியவர். அந்தக் காலம் முழுவதும் நாற்காலிகள் குறையவுமில்லை, கூடவுமில்லை. அவருடைய நிர்வாகத் திறமைக்கு வேறென்ன சான்று வேண்டும்? ஓய்வுபெற்ற அன்று சக ஊழியர்கள் அவருக்கு ஒரு பெட்டி பரிசளித்தார்கள். உள்ளே தடித்த பேனா அளவில், பேட்டரியில் ஓடும் ஒரு சுழல் கருவி. அறுக்க, தேய்க்க, துளைக்க, மெருகேற்ற என்று பன்னிரண்டு முனைகள் தனித்தனிக் குழிகளில் படுத்திருந்தன. "இனி நீங்கள் வீட்டில் சும்மா இருக்க வேண்டியதில்லை" என்று பிரிவின் தலைவர் உரையாற்றினார். சும்மா இருப்பது பற்றி எபேருக்கு எந்தப் புகாரும் கிடையாது. அலுவலகத்தில் நல்ல பயிற்சி எடுத்திருந்தார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், கருவி நல்ல கருவி. சமையலறையில் இழுத்தால் வராத இழுப்பறை ஒன்று இருந்தது. விளிம்பை லேசாகத் தேய்த்துவிட்டதும் விரலால் தொட்டாலே போய்வந்தது. துருவேறிய கத்தரிக்கோல் மறுபடி வெட்டியது. திரைச்சீலைக் கம்பி இரண்டு விரற்கடை அதிக நீளமாக இருந்ததை அறுத்துச் சரிசெய்தார். நாய்க்கு நகம் தேய்த்தார். செனதோர், அதாவது செனட்டர், என்ற அந்த நாய் அதன்பின் விர்ர் என்ற சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் போய்ப் 'பொறுப்பேற்றுக்கொண்டது'.

"பரவாயில்லையே மனுஷா! கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்துல இந்த டிராயர் இப்பத்தான் மொரண்டு பண்ணாமத் தெறக்குது," என்றாள் அவருடைய மனைவி நிபியா.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் எந்தச் சீர்திருத்தம்தான் தேவையோடு நின்றிருக்கிறது? இரண்டாவது மாதம் கரண்டிகளுக்கெல்லாம் இருப்பு எண் வெட்டப்பட்டது. குழாயின் மேல் 'குழாய்' என்று பொறிக்கப்பட்டது. செய்தி பரவி, அண்டைவீட்டார் மாடிப்படியில் வரிசையில் நின்றார்கள். கட்டடத்திலிருந்த அத்தனை சாவிகளிலும் வீட்டு எண்ணையும் தெருப் பெயரையும் எபேர் அழகாகச் செதுக்கிக் கொடுத்தார். இனிமேல் யார் சாவியாவது தொலைந்தால், எடுத்தவர் எந்தக் கதவென்று தேடி அலைய வேண்டியதில்லை. வாசல் கதவின் கைப்பிடி ஆடுகிறது என்றார்கள், அதற்கும் மெருகேற்றினார். ஆட்டம் நிற்கவில்லை, ஆனால் ஆடும்போதெல்லாம் மின்னியது. எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த வியாழக்கிழமைக் கூட்டத்தில் அவரைக் 'கௌரவ நுண்பணிப் பொறுப்பாளர்' ஆக்குவதென்று குடியிருப்போர் சங்கம் முடிவெடுத்தது.

அந்தக் கூட்டங்களில் மாத்தே என்ற கசப்பு இலைத் தேநீரைச் சுரைக்குடுக்கையில் ஊற்றித் தருவது நிபியா. தலைவர் தேர்தலில் கைகலப்பு வந்த வருஷம்கூட இந்தப் பதவிக்குப் போட்டி வந்ததில்லை. அவளுடைய சுரைக்குடுக்கை அப்படி. பத்தொன்பது வருஷமாக மாத்தே இலையும் வெந்நீரும் ஊறி, உள்சுவர் கறுத்து, மண்சட்டி பழகுவதுபோலப் பழகியிருந்தது. சோப்பு அதைத் தொட்டதே இல்லை. ஒரே குடுக்கை, ஒரே உறிஞ்சுகுழல், ஊற்ற ஊற்ற ஆளுக்காள் சுற்றி வரும். போதும் என்றால் திருப்பிக் கொடுக்கும்போது "நன்றி" என்று சொல்ல வேண்டும். அப்புறம் அவருக்கு ஊற்ற மாட்டார்கள். ஆகவே அவசரப்பட்டு நன்றி சொல்வது இங்கே மரியாதையல்ல. நிபியாவின் கையால் வாங்கிக் குடித்துவிட்டு மூன்றாம் சுற்றுக்கு முன் நன்றி சொன்ன ஆள் அந்தக் கட்டடத்தில் கிடையாது. அந்தச் சுற்றுதான் அவளுடைய பெருமை. எபேருக்கும் அந்தக் குடுக்கையில் பங்குண்டு. தினமும் சாயங்காலம் கடற்கரைச் சுவரில் அவளோடு உட்கார்ந்து குடிக்கும் ஒரு மணி நேரம்தான் அவர் எதையும் எண்ணாத நேரம்.

வியாழன் காலை நிபியா தெருச்சந்தைக்குப் போயிருந்தாள். எபேர் பெட்டியைத் திறந்து பார்த்தார். பதினொரு முனைகள் உழைத்துத் தேய்ந்திருந்தன. பன்னிரண்டாவது முனை மட்டும் புதுமணம் மாறாமல் இருந்தது: நெல்லிக்காய் அளவில் ஒரு கம்பித் தூரிகை. 'குழிவான பொருள்களின் உட்புறத்துக்கு' என்று கையேடு சொன்னது. இருப்புப் பிரிவில் வேலை பார்த்தவரால் பயன்படாத பொருளைக் கண்ணால் பார்க்க முடியுமா? குழிவானவற்றைத் தேடி வீட்டைச் சுற்றினார். செனதோர் காதை மடக்கிக்கொண்டு இடத்தைக் காலிசெய்தது. கடைசியில் அலமாரியில் சுரைக்குடுக்கை தென்பட்டது.

பல் முளைத்த நாள்முதல் மாத்தே குடிப்பவருக்கு, குடுக்கையின் உட்புறத்தைச் சுரண்டக் கூடாது என்று தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் கையில் பன்னிரண்டாம் முனை இருந்தது.

கால் மணி நேரத்தில் பத்தொன்பது வருஷம் கருந்தூளாக வந்து விழுந்தது. உள்ளே தேங்காய்ப் பத்தைபோல வெளேரென்றாகிவிட்டது. சாயங்காலம் அவரே இலையை நிரப்பி, குழலைச் செருகி அவள் கையில் கொடுத்தார்.

"என்ன இது, கௌரவம் வர்றதுக்கு முன்னாடியே பணிவு வந்துடுச்சா?" என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள் நிபியா.

கீழ்த்தளக் கூடத்தில் அவர்கள் இருவரைத் தவிர ஏழு பேர் கூடியிருந்தார்கள். மழை நாளாதலால் 201-ஆம் வீட்டுக்காரி சுடச்சுட அப்பம் பொரித்துக் கொண்டுவந்திருந்தாள். சங்கத் தலைவர் டொன் வால்டெமார் எழுந்து தொண்டையைச் செருமினார். செயலாளர் சுல்மா நடவடிக்கைப் புத்தகத்தைத் திறந்தாள். நிபியா முதல் ஊற்றைத் தானே குடித்து முகம் சுளித்தாள். முதல் ஊற்று எப்போதுமே முரடு. அதனால்தான் ஊற்றுபவரே அதைக் குடிப்பது. "புதுப் பாக்கெட்டு போல," என்று முணுமுணுத்துக்கொண்டு அடுத்ததைத் தலைவருக்கு நீட்டினாள்.

"குடியிருப்போரே! கையடக்கமான ஒரு கருவியால் நம் கட்டடத்தின் தலையெழுத்தையே செதுக்கிய..." டொன் வால்டெமார் ஓர் இழுப்பு இழுத்தார். பேச்சு நின்றது. கண் இரண்டும் பிதுங்கின. "நன்றி," என்று குடுக்கையைத் திருப்பிக் கொடுத்தார்.

எபேர் துள்ளி எழுந்தார். "ஐயோ, எதுக்குங்க நன்றியெல்லாம்? என் கடமையத்தான் செஞ்சேன்!"

அடுத்தது சுல்மா. "நன்றி, நிபியா," என்றாள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு.

"உங்களுக்குமா! சாவியில எழுத்து நல்லா விழுந்திருக்கில்ல?"

"சாவிக்கு ஒரு கொறையும் இல்ல, டொன் எபேர்."

302-காரர் பாதி குடித்துவிட்டு இருமினார். "நன்றிம்மா."

"கைப்பிடியத்தான் சொல்றீங்கன்னு எடுத்துக்கறேன்," என்றார் எபேர்.

"எபேர், உக்காரு," என்றாள் நிபியா.

"சும்மா இரு நிபியா, ஜனங்க மனசு விட்டுப் பேசறாங்க."

கூட்டம் தலைவர் உரை முடிவதற்குள்ளேயே நன்றியுரைக்கு வந்துவிட்டது. ஒருவர்கூட இரண்டாம் சுற்றுக்கு நிற்கவில்லை. எபேர் ஒவ்வொருவருக்கும் நெஞ்சில் கைவைத்துத் தலைகுனிந்தார். 'ஏழு நன்றிகள், விவாதமின்றி' என்று சுல்மா பதிவுசெய்தாள். நிபியா யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் ஃபிளாஸ்க்கிலிருந்து கடைசியாக ஊற்றி, கணவரிடம் நீட்டினாள்.

எபேர் உறிஞ்சினார். தச்சன் பட்டறையைக் கூட்டி வெந்நீரில் போட்டதுபோல இருந்தது. ஏழு நன்றிகளும் அவர் தலைக்குள் வரிசையாகத் திரும்பி நின்றன. நிபியாவின் கண் நிறைந்திருந்ததை அப்போதுதான் பார்த்தார். அடியில் கரகரவென்று சத்தம் வரும்வரை முழுவதும் குடித்து முடித்தார். குடுக்கையை நீட்டினார்.

"இன்னொண்ணு ஊத்து."

"ஏன், உனக்கு மட்டும் நன்றி சொல்லத் தெரியலையா?"

"இல்ல. இன்னொண்ணு ஊத்து."

அவள் குழலால் இலையை ஒதுக்கி உள்ளே பார்த்தாள். வெள்ளை தெரிந்தது. "என்ன பண்ணின இத?"

"பன்னெண்டாவது முனை சும்மாவே கெடந்துச்சு, நிபியா."

"பத்தொம்போது வருஷம் எபேர்."

"தெரியும்."

"தெரிஞ்சேதான் பண்ணியா?"

சங்கம் உதவிக்கு வந்தது. "இந்தக் கருவி ஆபத்தானதுன்னு நான் அன்னைக்கே நெனச்சேன்," என்றார், மூன்று சாவியில் விலாசம் வெட்டிக்கொண்ட 302-காரர். "அப்படின்னா கௌரவத் தீர்மானத்த ஒத்திவெச்சிட்டு, கருவியக் கண்டிச்சு ஒரு தீர்மானம் போட்டுடுவோம்," என்று டொன் வால்டெமார் முன்மொழிந்தார். ஏழு தலைகளும் ஆடின.

நிபியா குடுக்கையை நிரப்பி எபேரின் கையில் வைத்தாள். "குடி. இது பழகற வரைக்கும் இதுல குடிக்கப்போறது நீ ஒருத்தன்தான். தெனமும் கடற்கரைக்கு வருவேன். நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டிருப்பேன்."

வருவாளா! எபேருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தவர், நல்லவேளையாக அடக்கிக்கொண்டு குடித்தார்.

அவள் சுல்மாவின் பக்கம் திரும்பினாள். "புத்தகத்த மூடாதீங்க. நான் சொல்றத எழுதுங்க. கருவி மேல குத்தமே இல்ல. தங்கமான கருவி. சார்ஜ் தீந்தா, யாரும் சொல்லாமலே தானா நின்னுடும். எங்க வீட்டு மனுஷனுக்கு ரெண்டு மாசமா தீரத் தீர சார்ஜ் ஏத்தினது யார் யாருன்னு கீழ பேர் போட்டு எழுதுங்க. இங்க ஏழு பேர் இருக்கீங்க."

சுல்மா தன் பெயர் உட்பட ஏழையும் எழுதினாள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. வாய் நிறையச் சுரைத்தூள் இருந்தது.