சுருங்காத காற்று

அந்த ஒரு ஃபைல் மட்டும் மசியவே இல்லை.

மற்ற ஃபைல்கள் எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன. வெப்பநிலை ஃபைல் பத்தில் ஒரு பங்காக இளைத்தது. மழையளவு ஃபைல் இருந்த இடமே தெரியாமல் போனது; முக்கால்வாசி நாள் மழையே பெய்யாததால் அதில் பூஜ்யங்கள்தான் வரிசை கட்டி நின்றன. இது மட்டும் சுருக்குகிற எந்த டூலில் போட்டாலும் போன மாதிரியே திரும்பி வந்தது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பருத்து வந்தது.

"என்னண்ணா, விருந்துக்குப் போய்ட்டு வந்த மாதிரி இருக்கு?" என்று எட்டிப் பார்த்தாள் அடுத்த மேசையில் இருந்த டெஸ்டிங் பெண்.

"அடங்காப்பிடாரி!" என்றான் கஞ்சன். அன்றிலிருந்து அந்த ஃபைலுக்கு அதுவே பெயராகிவிட்டது.

கஞ்சன் என்பது அவனுக்கு ஆபீஸ் வைத்த பெயர். பண விஷயத்தில் அவன் தாராளம்தான். மெமரி விஷயத்தில்தான் பிசினாறி. அந்தக் கம்பெனி வானிலை நிலையங்களுக்குக் கையகலப் பெட்டிகள் செய்து கொடுத்தது. வெயில், மழை, காற்றின் வேகம் எல்லாவற்றையும் பெட்டி குறித்து வைத்துக்கொண்டு தினமும் அனுப்பும். அதற்குள் இருக்கும் இடமோ ரொம்பக் கொஞ்சம். ஒரு கல்யாண ஃபோட்டோவை வைத்தால் பெட்டிக்கு மூச்சு முட்டிவிடும். அதில் இண்டு இடுக்கு பார்த்து எல்லாவற்றையும் அடுக்குவதுதான் கஞ்சனின் வேலை.

இப்போது தகராறு செய்த பெட்டி நடுக்கடலில் ஒரு பாறைத் தீவில் இருந்தது. அந்தத் தீவில்தான் அவன் மனைவியும் இருந்தாள்.

அவள் வானிலை ஆய்வாளர். ஒரு வருடப் பணி என்று போனாள். போன கொஞ்ச நாளிலேயே புயலில் டவர் சாய்ந்து ஃபோன் போயிற்று. ரேடியோ இணைப்பில் பெட்டியின் எண்களும் அப்டேட்டும் மட்டும்தான் போகலாம், சொந்தச் சேதி கூடாது என்பது நிலையத்தின் விதி. கடல் அடங்கினால் ஒரு படகு அரிசி பருப்போடு போகும். திரும்பும்போது காலி சிலிண்டர்களும், பெட்டியில் பதிந்த எல்லாவற்றின் நகலோடு ஒரு மெமரி கார்டும் வரும். கார்டு நேராகக் கஞ்சனின் மேசைக்கு வந்து சேரும். அவளிடமிருந்து மட்டும் ஒன்றும் வராது.

ஊரில் இருந்தவரை அவள் வாய் ஓய்ந்து அவன் பார்த்ததில்லை. மிக்ஸி ஓடினால் அதற்கு மேல் குரலை உயர்த்திப் பேசுவாள். பல் தேய்த்துக்கொண்டே பேசுவாள். பஸ்ஸில் யாரோ யாரிடமோ சொன்ன கதையை, அந்த யாரோவின் மாமியார் வீட்டிலிருந்து ஆரம்பித்துச் சொல்வாள். கஞ்சன் கையை ஆட்டி, "சுருக்கமா சொல்லு," என்பான். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அவன் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான்.

இப்போது வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்கிறது. இத்தனை வருடம் அது சத்தம் போடும் என்பதே அவனுக்குத் தெரியாது. சாவியைப் போட்டுக் கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து ஒரு கதை பாதியில் ஆரம்பிக்கும் என்று நெஞ்சு ஒரு கணம் ஏமாந்துபோகும். அந்த மாமியார் வீட்டுக் கதையை முழுசாகக் கேட்க அவன் இப்போது என்ன வேண்டுமானாலும் கொடுப்பான்.

அப்படியிருக்கையில்தான் மேனேஜரம்மா கூப்பிட்டுச் சொன்னார்.

"தீவுப் பெட்டி ரொம்பி வழியுது. ரீடிங் பாதியில நின்னு போகுது. நல்ல டூலா ஒண்ணு தேடி, எல்லாத்தையும் சுருக்கி இடம் பண்ணு. இந்த வாரத்துக்குள்ள அப்டேட் போயாகணும்."

கஞ்சனுக்குள் ஒரு விளக்கு எரிந்தது. இங்கிருந்து போகும் அப்டேட் மூட்டை பெட்டிக்குள் போய்ப் பிரியும். பெட்டியில் புயல் எச்சரிக்கைக்கென்று சின்ன ஸ்பீக்கர் ஒன்று உண்டு. எல்லாவற்றையும் சுருக்கியபின் மிஞ்சும் இடத்தில் தன் குரலை வைத்துவிட்டால்?

வீட்டுக்குப் போய், போர்வைக்குள் உட்கார்ந்து பதிவு செய்தான்.

"எப்படிம்மா இருக்க? எனக்கு இங்க ஒண்ணும் ஓடல. அந்த பஸ் கதையோட முடிவு என்னன்னு நீ சொல்லவே இல்ல. கார்டு மட்டும் வருது, நீ ஒரு வார்த்தை அனுப்பல. பேசியே கொல்லுவியே, இப்ப என்ன ஆச்சு? என்னை மறந்துட்டியா?" என்று ஆரம்பித்து, பால்கனிச் செடி பூத்ததுவரை சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

முதலில் எல்லோரும் பயன்படுத்தும் பழைய டூலை எடுத்தான். சாது, வேகமானது, பெட்டிக்குத் தொந்தரவு தராது. ஆனால் அது மிச்சப்படுத்திய இடத்தில் அவன் பேச்சில் பாதிகூட நுழையவில்லை. பால்கனிச் செடியை வெட்டினான்.

அடுத்து, பிழிந்து எடுக்கும் ரகம் ஒன்று. மூட்டை பொடியாக வந்தது. கஞ்சன் மேசையைத் தட்டிக் கொண்டாடினான். அதைச் சோதனைப் பெட்டியில் போட்டதும் பெட்டி மயங்கி விழுந்தது. எழுந்தது. மறுபடியும் விழுந்தது.

"அண்ணா, மூட்டை சின்னதுதான். ஆனா அதை அவுத்துப் பரப்ப ஒரு மண்டபம் வேணும் போலிருக்கு. இந்தப் பெட்டி ஒண்டுக்குடித்தனம்," என்றாள் டெஸ்டிங் பெண்.

மூன்றாவதாக அவன் தேடிப் பிடித்தது, துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ளும் ஒரு டூல். மண்டபம் கேட்காது, ஒரு மூலை போதும். மேசைப் பெட்டியில் பிரமாதமாக வேலை செய்தது. ஆசை யாரை விட்டது? பொறுக்கமாட்டாமல் மூட்டை கட்டித் தீவுக்கு அனுப்பியே விட்டான்.

தீவுப் பெட்டி அத்தோடு வாயை மூடிக்கொண்டது. ரீடிங் பாதிகூட வரவில்லை.

"அண்ணா, இந்த டூல் புதுசாச்சே. பிரிக்கிற புரோகிராம் தீவுப் பெட்டியில கிடையாதே. அதை அனுப்பினீங்களா?"

"அனுப்பாம இருப்பேனா? எல்லாத்தோடயும் சேர்த்துத்தான் கட்டி அனுப்பியிருக்கேன்."

"எல்லாத்தோடயும்னா?"

"மூட்டைக்குள்ள..." என்றவன் தலையில் அடித்துக்கொண்டான். பூட்டிய பெட்டிக்குள்ளேயே சாவி. டெஸ்டிங் பெண் டீ கப்பை வாயில் வைத்துச் சிரிப்பை மறைத்தாள்.

நல்லவேளை, பெட்டி ஒரு நாள் திணறிவிட்டுத் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பியது. அந்த ஒரு நாளுக்குள் மேனேஜரம்மாவுக்கு மேலிடத்திலிருந்து வந்த ஃபோன்களை அவர் வட்டியோடு கஞ்சனிடம் இறக்கி வைத்தார்.

இந்த முறை சாவியை வெளியே வைத்தான். சாவியும் இடம் கேட்டது. பஸ் கதையை வெட்டினான். "எனக்கு இங்க ஒண்ணும் ஓடல" என்பதை இரண்டு முறை போட்டுக் கேட்டுவிட்டு வெட்டினான். கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு "சாப்பிட்டியா?" அதையும் அமுக்கி அமுக்கிச் சின்னதாக்கியதில் வாத்து கேட்பது போல இருந்தது.

அந்த நேரம் பார்த்து மேனேஜரம்மா பின்னால் வந்து நின்றார்.

"இதென்ன, 'சாப்பிட்டியா'ன்னு ஒரு ஃபைல்?"

"அது... ஸ்பீக்கர் டெஸ்ட், மேடம்."

மேனேஜரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவன் மனைவி எங்கே இருக்கிறாள் என்பது ஆபீஸுக்கே தெரியும்.

"டெஸ்ட்னா ஒழுங்கா செய்யணும். வாத்து மாதிரி கத்தினா யாருக்குப் புரியும்? இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கிற இந்தத் தடியன் யாரு?" என்று அடங்காப்பிடாரியைச் சுட்டிக்காட்டினார்.

"காத்து, மேடம். காத்துச் சத்தத்தைப் பதிய ஒரு மைக் இருக்குல்ல, அதுலேர்ந்து வர்றது. வெறும் இரைச்சல் சுருங்காது."

"இவ்வளவா?"

"தீவுல காத்து ஜாஸ்தி. நாளுக்கு நாள் ஏறிக்கிட்டே போகுது."

"காத்தோட வேகம் தனியா எண்ணுல வருதே, அது போதும். சத்தத்தை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. அழிச்சுடு."

எத்தனை டூல்களில் அந்த ஃபைலைப் போட்டுப் புரட்டியிருப்பான்! பெருமூச்சுவிட்டுத் திட்டியிருப்பான். ஆனால் சுருக்குகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: அளவைப் பார்ப்பார்கள், உள்ளே இருப்பதைப் பார்க்கமாட்டார்கள். சலவைக்காரர் சட்டையைப் போட்டுப் பார்ப்பதில்லை அல்லவா?

அப்டேட்டில் ஒரே ஒரு வரி சேர்த்தான். பெட்டிக்குள் போனதும் முதல் வேலையாக அந்த ஃபைல் அழிந்துவிடும்.

இடமென்றால் அப்படி ஓர் இடம்! பழைய சாதுவான டூலே போதும் என்றாகிவிட்டது. பஸ் கதை திரும்ப வந்தது. பால்கனிச் செடி வந்தது. அப்படியும் இடம் மிஞ்சியதால் கஞ்சன் வாழ்க்கையில் முதன்முறையாகத் தாராளமாகப் பேசினான். "ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பேசக்கூட உனக்கு மனசு வரலியா?" என்று உருகி, குரல் உடைந்த இடத்தையும் வெட்டாமல் விட்டான். அப்டேட் போய்ச் சேர்ந்தது. ரீடிங் முழுசாக வந்தது. மேனேஜரம்மா எல்லோருக்கும் டீ சொன்னார்.

"இந்தக் கார்டையும் துடைச்சுடட்டுமாண்ணா?" என்று கேட்டாள் டெஸ்டிங் பெண்.

"வேணாம், இருக்கட்டும். இவ்வளவு பிடிவாதத்தை நான் வேற எங்கயும் பாத்ததில்ல, ஒருத்திகிட்டத் தவிர," என்று சொல்லிக் கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அதற்கப்புறம் அவன் செய்ததெல்லாம் கடலைப் பற்றி விசாரிப்பதுதான். அலை அடங்கியதா, படகு கிளம்பியதா என்று துறைமுக ஆபீஸுக்கு ஃபோன் போட்டுப் போட்டு அங்கிருப்பவர்களுக்கு அவன் குரல் மனப்பாடமாகிவிட்டது.

ஒருவழியாகப் படகு கரைக்கு வந்த அன்று மத்தியானம், தெரியாத எண்ணிலிருந்து ஃபோன்.

"சார், நான் தீவுல சமையல் பண்றவன் பேசறேன். சாமான் எடுக்கக் கரைக்கு வந்தேன். அக்கா உங்க நம்பரைக் கொடுத்துப் பேசச் சொன்னாங்க."

கஞ்சன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "எப்படி இருக்கா?"

"அவங்களுக்கென்ன சார், ஜோரா இருக்காங்க. அன்னைக்கு ஸ்பீக்கர் திடீர்னு அலறுச்சா, புயல்தான் வந்துடுச்சுன்னு நான் அடுப்பை அணைச்சுட்டு ஓடறேன். எங்க ஆபீசர் லைஃப் ஜாக்கெட்டைத் தலைகீழா மாட்டிக்கிட்டு நிக்கிறாரு. நின்னு கேட்டா, நீங்க!"

"எல்லாருமா கேட்டீங்க?"

"பால்கனிச் செடி வரைக்கும் கேட்டோம் சார். அக்கா திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாங்க."

கஞ்சன் சட்டைப்பையிலிருந்த கார்டை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டே கேட்டான்.

"அழுதாளா?"

"சிரிச்சாங்க. அப்புறம் கொஞ்சம் அழுதாங்க. அப்புறம்தான் சார் கோவம் வந்துது."

"கோவமா? எதுக்கு?"

"பின்ன என்ன சார், கார்டு உங்க மேசைக்குத்தான் வரும்னு, இங்க 'சுருக்கமா சொல்லு'ங்க ஆளில்லன்னு, தினமும் சாயங்காலம் அந்தக் காத்து மைக் முன்னாடி உக்காந்து உங்ககிட்டத்தானே அவ்வளவும் பேசினாங்க, ஒரு வார்த்தைகூடப் பேசலன்னு எப்படிச் சொன்னீங்கன்னு கேக்கச் சொன்னாங்க!"