ஞானமுத்து ஐயா அசைந்த படம்

உயிரோடு இருப்பவர்களையே எனக்கு ஒழுங்காகப் படம் எடுக்க வராது. அப்படியிருந்தும் இறந்தவரை எடுக்க ஒப்புக்கொண்டேன். (மறுத்திருந்தால் இன்று பாளையங்கோட்டையில் தலைநிமிர்ந்து நடப்பேன்.)

ஜெர்மன் சண்டைக்கு முந்திய வருஷம். பள்ளிக்கூட வாத்தியாரான என்னிடம் பழைய காமிராப் பெட்டி ஒன்று இருந்தது. வெளிச்சத்தைக் கண்ணால் கணித்து, முன்கண்ணாடியின் மூடியைக் கழற்றி, வேண்டிய நேரம் கழித்து மூட வேண்டும். கடிகாரம் கிடையாது, கர்த்தர் கற்பித்த ஜெபம்தான் அளவு. வராந்தாவில் பாதி ஜெபம். அறைக்குள் முழுசாக, ஆமென் வரை.

பக்கத்து வீட்டு ஞானமுத்து ஐயா இறந்தபோது அவருக்கென்று ஒரு படம்கூட இல்லை. கோட்டு மாட்டி நாற்காலியில் உட்கார்த்தியிருந்தார்கள். எல்லாரையும் வெளியே போகச் சொன்னேன். அவருடைய இமைகள் முழுசாக மூடவில்லை. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் என்னையே பார்த்தார். மூடியைக் கழற்றிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டேன். (ஜெபமல்லவா!) ஆமென் வந்தும் கண் திறக்கத் துணிவில்லை. இன்னொரு ஜெபமும் சொன்னேன்.

படம் விழாவிட்டால் அடக்கத்துக்கு முன் மறுபடி எடுக்க வேண்டுமே என்று, உடனே என் சமையலறையை இருட்டாக்கிச் சிவப்பு விளக்கில், படம் விழுந்த கண்ணாடித் தகட்டைக் கழுவினேன். மருந்துத் தண்ணீருக்குள்ளிருந்து அவர் பைய வந்தார். முகம் கறுப்பு, கோட்டு வெள்ளை. தகட்டில் அப்படித்தான் தெரியும். ஆனால் தலை இரண்டு இருந்தது: ஒன்று நிமிர்ந்து, ஒன்று சாய்ந்து. மடியிலிருந்த வலதுகை மங்கலாக மேலே எழும்பியிருந்தது.

தகடும் கையுமாகக் கல்லறைத் தோட்டத்துக்கு ஓடினேன். பெட்டியைக் குழிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

“நிறுத்துங்க வே! ஐயாவுக்கு உயிரு இருக்கு!”

“தெறங்க லே பெட்டிய!” என்று அலறினாள் அவர் மனைவி அன்னம்மாள்.

ஆணிகளைப் பிடுங்கினார்கள். கூட்டத்திலிருந்த வைத்தியர் நாடி பார்த்து, மூக்கருகே கண்ணாடி பிடித்து, உதட்டைப் பிதுக்கினார். மலர்ந்த அந்த அம்மாள் முகம் மறுபடி வாடியதை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்காது.

மகன் சாமுவேல் தகட்டைப் பிடுங்கிப் பார்த்தான். “நான்லா வாத்தியாரே நாற்காலிக்குப் பின்னால குத்தவச்சு அப்பா தலையத் தாங்கிட்டிருந்தேன்! நீரு மூடவே இல்ல. கை மரத்துப்போயித் தலை சாஞ்சிட்டு.”

“அப்போ, இந்தக் கை?”

“கைய நான் தொடலியே.”

பெட்டியை மிக வேகமாக மூடினார்கள்.

மறுவருஷம் சாமுவேலின் தங்கையையே கட்டினேன். இன்றும் வீட்டில் யாராவது மத்தியானம் நெடுநேரம் தூங்கினால் அன்னம்மாள் அத்தைதான் குரல் கொடுப்பாள்: “ஏட்டி, மருமவனக் கூப்பிடு. ஒரு படம் புடிச்சுப் பாத்துட்டு எழுப்புவோம்.”