பாடகர் அடி மறந்ததைப் பற்றி ஒரு வரி

மதிப்புக்குரிய பதிப்பாளரும், அதற்கு வெகு முன்பே என் மனைவிக்கு அண்ணனாகிவிட்டவருமான மச்சானுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். தாங்களும் நலமாக இருக்க வேண்டும். இக்கடிதத்தைப் படித்து முடிக்கும் வரையிலாவது.

நான் எழுதிய பாடகரின் வாழ்க்கை வரலாறு திருத்தப்படியாக வந்து சேர்ந்தது. "மண்டபக் கச்சேரியில் அவர் பாட்டின் இரண்டாம் அடியை மறந்தார், வயலின்காரர் வாசித்துக் காப்பாற்றினார்" என்ற வரியைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் 'குடும்பத்தார் விரும்பவில்லை' என்று குறித்திருக்கிறீர்கள். இந்த வரிக்கு வெட்டுப்படுவது புதிதல்ல. கச்சேரிக்கு மறுநாளே விமர்சனத்தில் எழுதினேன். நாளிதழின் துணையாசிரியர் அதைத் தூக்கிவிட்டு அங்கே செருப்பு விளம்பரம் போட்டார். பிறகு வார இதழுக்கு எழுதினேன். அந்த ஆசிரியர் 'மறந்தார்' என்பதை 'மெய்மறந்தார்' என்று ஆக்கிவிட்டார். நேற்று பாடகரின் மகள் வீட்டுக்கே வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல், "அப்பா மறக்கல சார், யோசிச்சாரு" என்றார். கூட வந்த மாப்பிள்ளை, "அது ஒரு புது உத்தி சார். ஜனங்க கை தட்டினாங்கல்ல?" என்றார். தட்டினார்கள்தான். மின்சாரம் போய் வந்தாலும்தான் தட்டுகிறார்கள். அவர்கள் போனதும் தங்கள் தங்கை, "நீங்க பால் வாங்க மறக்கறதை யாராவது புஸ்தகமா போட்டாங்களா? அண்ணன் சொல்றபடி எடுத்துத் தொலைங்களேன்" என்றாள். தங்கள் குடும்பத்தில் எல்லோருக்குமே வெட்டுவது கைவந்த கலை.

எடுக்க மாட்டேன். இந்தத் தடித்த புத்தகத்தில் மற்றதெல்லாம் அவர் தன்னைப் பற்றி என்னிடம் சொன்னது. இந்த ஒரு வரிதான் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து என் காதால் நானே கேட்டது. சொல்லுங்க மச்சான், பொறந்ததுலேர்ந்து ஒரு தப்புகூட பண்ணாத ஆளுக்கு போட்டோ ஆல்பம் போதாதா, நான் எதுக்கு? ஒரு எழுத்து மாறினாலும் அட்டையில என் பேர் வேண்டாம். அந்த மாப்பிள்ளை பேரைப் போட்டுக்குங்க.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். தங்கள் சிவப்புப் பேனாவுக்கு நீண்ட ஓய்வு வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
வளையாத மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் பாடகரே தொலைபேசியில் அழைத்தார். வீட்டில் நடக்கும் சண்டை தாங்காமல் அந்தக் கச்சேரியின் ஒலிநாடாவைத் தேடிப் போட்டுக் கேட்டாராம். "மறந்தது நெஜம்தான்யா. ஆனா காப்பாத்தினது மிருதங்கக்காரன். வயலின்காரன் என்கூடச் சேர்ந்து முழிச்சிட்டு இருந்தான். கடைசிப் பாட்டுல தாளமே தப்பினேனே, அதை ஏன் விட்டே? தூங்கிட்டியா? எல்லாத்தையும் போடு. பொண்ணுகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். ஆகவே அந்த வரியைத் தயவுசெய்து எடுத்துவிடவும். புதிதாக இரண்டு பக்கம் எழுதி அனுப்புகிறேன். பின்னட்டையில் எனது 'கூர்மையான செவி'யைப் பற்றித் தாங்கள் அன்புடன் எழுதியிருக்கும் வரிக்கும் அதே சிவப்பு மை போதும்.