வைராக்கியத்துக்கு ஒரு வைரம்

"வா" என்று என் வாயால் சொல்லக் கூடாது. அதுதான் என் வைராக்கியம்.

தன் அக்காவின் பிரசவத்துக்கு ஒத்தாசையாக, அப்பா அம்மாவுடன் அக்கா வீட்டுக்குப் போன என் மனைவி, திரும்புகிற வழியாக இல்லை. வீடு வெறிச்சென்று கிடந்தது. அவள் தலையணையைக் கட்டிக்கொண்டுதான் படுத்தேன். ஏங்கிப் போனேன் என்று உங்களிடம் சொல்ல வெட்கமில்லை. அவளிடம் சொல்லத்தான் வெட்கம்.

தண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டும்போது ஒரு கல் அகப்பட்டது. பளிச்சென்று தெளிவு, ஆறு பட்டை, கூரான முனை. வைராக்கியத்தைக் காப்பாற்ற வைரமே வந்துவிட்டது. கேள்விப்பட்டால் ஓடி வரமாட்டாளா? போன் போட்டேன்.

"தோட்டத்துல வைரம் கிடைச்சிருக்கு."

"வைரம்னு யார் சொன்னா?"

"கண்ணாடியைக் கீறுதே."

"எந்தக் கண்ணாடியை?"

"உன் அலமாரிக் கண்ணாடியை."

"வெங்கச்சங்கல்லும் கண்ணாடியைக் கீறும்," என்றாள்.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவளிடம் போய் என் கைவரிசையைக் காட்டியிருக்கிறேன். தலையில் கல்லைப் போட்டாள், அதுவும் என் கல்லையே.

"வெங்கச்சங்கல்லுன்னா ரோட்டோரம் வெள்ளையா கிடக்குமே, அதுவா? இது பளபளன்னு இருக்கே."

"அதே ஜாதிதான், குவார்ட்ஸ். அழுக்கு கலக்காம, நிதானமா வளர்ந்தா இப்படித் தெளிவா இருக்கும். உடைஞ்சிருக்கா?"

"கடப்பாரை பட்டு ரெண்டாயிடுச்சு."

"நல்லதாப்போச்சு. பாத்ரூமுக்குள்ள இருட்டுல வச்சு ரெண்டையும் அழுத்தி உரசுங்க. உள்ள வெளிச்சம் வந்தா வெங்கச்சங்கல்."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கதவைச் சாத்தி, இடுக்கில் துண்டைச் செருகி, விளக்கை அணைத்துவிட்டு உரசினேன். கல்லுக்குள் மங்கலாக ஒரு மஞ்சள் ஒளி மினுங்கி மறைந்தது. அழகாக இருந்தது. பக்கத்தில் அவள் இல்லை. அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

"தெரியுதா?"

"தெரியுது. வெங்கச்சங்கல்தான். வைரமும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ இல்லாம இங்க இருக்க முடியல. வந்துடேன்."

"கதவைத் திறங்க."

போனிலும் கதவுக்கு வெளியிலும் ஒரே குரல். திறந்தேன். வீட்டுச் சாவியும் கையுமாக நின்றாள்.

"நீங்க போன் போடும்போதே தெருமுனைக்கு வந்துட்டேன். எப்பதான் சொல்லுவீங்கன்னு பார்த்தேன். இப்ப சொன்னதை வெளிச்சத்துல ஒருதரம் சொல்லுங்க."

அவள் கண் லேசாகக் கலங்கியிருந்தது. சொல்ல வாயெடுத்தேன்.

கூடத்திலிருந்து மாமனார் குரல் கொடுத்தார்: "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க மாப்பிள்ளை, உங்க அத்தைக்குக் காது மந்தம்."